முந்நூறு ஆண்டுச் சுவர்

கல்பாக்கத்தில் குறைந்த கதிரியக்கக் கழிவை வலுவூட்டிய கான்கிரீட் அகழிகளில் இட்டு மூடுகிறார்கள். காவல் 300 ஆண்டுகள். சீசியம்-137இன் அரையாயுள் ஏறத்தாழ 30 ஆண்டு. அதற்குள் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும்.

வேலூர்க்காரரான நமக்கு இக்கணக்கின்மேல் சற்றே பொறாமை. நம் தோல் தொழிலின் குரோமியத்துக்குத் தேய்வென்பதே இல்லை. இராணிப்பேட்டையில் தொண்ணூறுகளில் மூடிய குரோமேட் ஆலை இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுப்போனது. அவ்வூர் சிப்காட்டிலேயே 2015 ஜனவரி 31 விடியுமுன் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிய 10 தொழிலாளர் சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர்.

அவ்வாரம் வகுப்பில் பொருள்வயிற் பிரிவு நடத்திக்கொண்டிருந்தோம். ஆம்பூர் மாணவனொருவன் எழுந்தான்: “அந்தச் சுவருக்கு எத்தனை வருஷம்னு கணக்குப் போட்டாங்க, ஐயா?”

பாடத்தை அன்று தொடரவில்லை.