அம்மா கேட்ட பட்டியல்

அம்மாவுக்கு 74 வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து எழுத்து பளிச்சென்று தெரிய ஆரம்பித்ததும் ஓர் ஆசையைச் சொன்னார். "சாகித்ய அகாடமி விருது வாங்கின தமிழ்ப் புஸ்தகத்தை எல்லாம் வரிசையா படிச்சுடணும். பெரிய எழுத்துல ஒரு லிஸ்ட் போட்டுக் கொடு."

விக்கிப்பீடியாவைப் பார்த்துக் கையாலேயே டைப் செய்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று 1955-லிருந்து ஆண்டுகளை மளமளவென்று போட்டுவிட்டு, பக்கத்தில் பெயர்களை நிரப்பினேன். பிரின்ட்டை வாங்கிய அம்மா இரண்டே நிமிடத்தில் நிமிர்ந்தார். "ராஜாஜியோட 'சக்கரவர்த்தித் திருமகன்' 58 ஆச்சே... 57-னு போட்டிருக்கே?"

1957-ல் தமிழுக்கு விருதே இல்லை. அதைக் கவனிக்காததால் அதற்குக் கீழே எல்லாமே தப்பு. "நான் ஆசையா கேட்டேன், நீ அவசரமா செஞ்சிருக்கே" என்றார். சுருக்கென்றது.

கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் சிரித்தாள். "இதைப் போய் யாராவது கையால அடிப்பாங்களா அத்தை?" கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டத்தைத் தொட்டு, சமக்குறி போட்டு, 'இம்போர்ட்ஹெச்டிஎம்எல்' என்று அடித்தாள். அடைப்புக்குறிக்குள் பக்கத்தின் முகவரி, 'டேபிள்' என்ற சொல், எத்தனையாவது அட்டவணை என்ற எண். அவ்வளவுதான், மொத்தப் பட்டியலும் வந்து உட்கார்ந்தது. கோடிங் எதுவும் இல்லை.

அம்மா விடவில்லை. "கல்கின்னா எழுத்தாளர்னு நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையும் கல்கி, பத்தாவது அவதாரமும் கல்கி!"

"அதுக்குத்தான் பாட்டி விக்கிடேட்டா" என்றாள். 2012-ல் தொடங்கிய தகவல் களஞ்சியம் அது. அங்கே ஒவ்வொன்றுக்கும் 'க்யூ' என்று தொடங்கும் தனி எண் உண்டு. சென்னைக்கு க்யூ1352. எழுத்தாளர் கல்கிக்கு ஓர் எண், பத்திரிகைக்கு வேறு எண். லேப்டாப்பில் 'ஓபன்ரீஃபைன்' என்ற இலவச மென்பொருளைத் திறந்து, நம் பட்டியலை அந்த எண்களோடு பொருத்தினாள். சந்தேகம் வந்த இடங்களில் அது சில பெயர்களைக் காட்டி நம்மையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. பொருத்தி முடித்ததும், பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் அங்கிருந்தே புதிய பத்திகளாக வந்து சேர்ந்தன.

புதிய பிரின்ட்டில் அம்மாவின் விரல் இரண்டாவது வரியில் நின்றது. கல்கி, 'அலை ஓசை', விருது 1956. மறைவு 1954.

"அடடா, அவர் கையில வாங்கவே இல்லையா?"

எத்தனையோ தடவை படித்த விஷயம்தான். இரண்டு ஆண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கும் உறைத்தது.

இயந்திரம் கொண்டுவந்த பட்டியல் என்று அம்மா சும்மா விட்டுவிடவில்லை. பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து டிக் போட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "வரிசை கிடக்கட்டும். நாளைக்கு லைப்ரரியில முதல்ல 'அலை ஓசை' எடுத்துட்டு வா."