என் பக்கத்து வெளிச்சம்

மயிலாப்பூரில் எங்கள் படுக்கையறையில் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. இருபது வருடங்களாகச் சமையலறையில் உட்கார்ந்துதான் படித்தேன்.

போன மாதம் தி.நகரில் ஒரு பழம்பொருள் கடையில் அந்த மேசை விளக்கைப் பார்த்தேன். தேன் நிறம்; வளைந்த கண்ணாடிகள் பதித்த ஷேடு. "சாரையும் அழைச்சிட்டு வாங்களேன்மா" என்றார் கடைக்காரர். நான் பல்பு போட்டு எரியவிடச் சொன்னேன். உள்ளிருந்து வெளிச்சம் பட்டால்தான் மயிரிழை விரிசலும் தெரியும். வளைந்த கண்ணாடி உடைந்தால் தட்டைக் கண்ணாடியை வெட்டிப் பொருத்த முடியாது. சூளையில் இளக்கி அச்சின்மேல் படியவைக்க வேண்டும். விரிசல் இல்லை. பழைய ஒயரை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன்.

"டிஃபனி மாதிரிம்மா" என்று விலையை ஏற்றினார். டிஃபனி ஷேடுகள் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்தவை, இது வேறு. ஆனால் பெயரைக் கேட்டதும் கிளாரா டிரிஸ்கால் நினைவுக்கு வந்தார். அந்த விளக்குகளில் பலவற்றை வடிவமைத்தவர். வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்து, 2007-இல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தபோதுதான் அது பரவலாகத் தெரிந்தது. கல்யாணமான பெண்களுக்கு அந்த நிறுவனத்தில் இடமில்லை. கணவர் இறந்த பிறகே கிளாரா வேலைக்குத் திரும்பினார்.

என் சேமிப்பில்தான் வாங்கினேன். இப்போது பத்து மணிக்குப் பிறகு கட்டிலில் என் பக்கம் மட்டும் மஞ்சள் வெளிச்சம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.