காயம் விழுந்த பலகை

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் மூன்றாம் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. அதைப் புதுப்பித்தபோது சுண்ணாம்பு, பசை, எண்ணெய், மெழுகு தவிர வேறெதையும் புதிதாக வாங்குவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

முதலில் சுவர். பழைய பெயிண்டுக்குள் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடித்திருந்தது. சுரண்டிவிட்டு நீற்றிய சுண்ணாம்பு அடித்தேன், மாவாக உதிர்ந்தது. சுவரை நனைக்காமல் தடிப்பாகப் பூசியது என் தவறு. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். மறுமுறை மோர்ப் பதத்தில் கரைத்து, நனைத்த சுவரில் ஐந்து பூச்சு. காலை வெயில் அதில் படும்போது இன்றும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறேன்.

கதவு, கிள்ளானில் இடித்த ஒரு வீட்டின் செங்கால் மரம். கரையான் எளிதில் அண்டாது. பழைய ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கவே இரண்டு நாள்.

மனம் முழுதும் போனது மேசைக்குத்தான். மேருப் பக்கத்து மரச்சாமான் ஆலைகள் கழிக்கும் துண்டுகளில் ரப்பர் மரம் நிறைய. நம்மவர்கள் பால் வெட்டிய மரம். 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் சாய்த்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் விறகுதான். மாவுச்சத்து மிகுந்ததால், அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் நீலம் பாயும், வண்டு துளைக்கும். அந்தப் பக்குவம் கைவந்த பிறகே, 1980களிலிருந்து, ஏற்றுமதி நாற்காலி மேசையாகப் பெரிய அளவில் கப்பல் ஏறியது.

நீளம் போதாத துண்டுகளை இழை பார்த்து ஒட்டினேன். ஒன்றில் மட்டும் முடிச்சு முடிச்சாகக் கறுத்த தழும்பு. ஆலை கழித்த காரணமே அதுதான். இழைப்புளி அங்கே திணறியது. ஆனாலும் அதையே மேசையின் நடுவில் வைத்து, ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்தேன்.

தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அம்மா வந்தார். தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"கத்தி பட்டையத் தாண்டிப் போயிருக்கு. இப்படிக் காயம் விழுந்தா, வேலைய மேற்பாக்குற மண்டோர் சும்மா விடமாட்டாரு."

பிறகு காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பலகைமேல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, ஒரே சரிவில் விரலை இழுத்துக் காட்டினார்.