புஷர் (1996)

"சும்மா பத்து நிமிஷம் பார்ப்போம்"னு ராத்திரி போட்டேன். முடிச்சிட்டுத்தான் படுத்தேன். தூக்கம்தான் வரலை.

நிக்கோலஸ் விண்டிங் ரெஃப்னின் முதல் படம். கோபன்ஹேகனில் ஹெராயின் விற்கும் ஃப்ராங்க், போலீஸ் துரத்த, சரக்கோட ஏரியில் விழுகிறான். சரக்கு கரைஞ்சுபோச்சு, கடன் கரையலை. மிச்சமெல்லாம் காசுக்கு அலைவதுதான். சின்ன பட்ஜெட், தோளில் தூக்கிய கேமரா. கதை வரிசையிலேயே எடுத்தார்களாம். கிம் போட்னியாவின் முகம் நாளுக்கு நாள் இறுகிக்கிட்டே போகுது. (மொட்டைத்தலையோட வர்றது மாட்ஸ் மிக்கெல்சனேதான்!)

கடன் கொடுத்த மிலோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறார். அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. ஒரு காலத்துல வட்டிக்கு வாங்கிட்டு, போன் அடிச்சா "அவர் வெளிய போயிருக்கார்"னு வீட்டம்மாவைச் சொல்லவெச்சவன் நான். திட்டினவங்க குரலெல்லாம் மறந்துடுச்சு. "என்ன சார், சௌக்கியமா?"ன்னு கேட்ட குரல் மட்டும் மறக்கலை.

வீட்டம்மாவை இந்தப் படம் பார்க்கச் சொல்லலை.