பிரிண்டரின் விலையும் படத்தின் விலையும்

யுத்தமும் சுனாமியும் எமது கரையோர ஊர்களிலிருந்து எத்தனையோ பொருட்களைக் கொண்டுபோயின. அவற்றுள் காசு கொடுத்தும் திரும்ப வாங்க முடியாதவை போட்டோக்கள். 2004 டிசம்பர் 26 இல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வீடு வீடாக அல்பங்கள் அலையோடு போயின. மௌத்தான கணவரின், யுத்தத்தில் காணாமல்போன மகனின் ஒரேயொரு படத்தைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கும் பெண்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர். அந்தப் படத்தைக் கைபேசியில் பிடித்து, பல பிரதிகள் எடுத்து, பிள்ளைகளிடம் ஒவ்வொன்று கொடுத்து வைப்பது நல்லது. ஆனால் ஸ்டூடியோவில் கொடுத்தால் குடும்பப் படங்கள் பிறத்தியாரின் கணினியில் தங்கிவிடுமே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு. அதனால்தான் வீட்டுக்கு ஒரு போட்டோ பிரிண்டர் வாங்குவது பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

கடைக்காரர் சொல்வது மெஷினின் விலை மாத்திரமே. மையும் கடதாசியும் பிறகு வரும். மலிவான சில பிரிண்டர்களில் இரண்டு மூன்று தடவை காட்ரிஜ் மாற்றும் பணம் மெஷினின் விலையைத் தொட்டுவிடும். மூன்று நிறமும் ஒரே காட்ரிஜில் இருந்தால், ஒரு நிறம் தீர்ந்தாலும் முழுவதையும் மாற்ற வேண்டும். பெட்டியில் "இத்தனை பக்கம்" என்று போட்டிருப்பது சாதாரணப் பத்திரங்களுக்கான கணக்கு. போட்டோவிலோ மூலைக்கு மூலை மை நிரம்பும். அந்த எண்ணிக்கையை நம்பிவிடக் கூடாது.

போத்தலிலிருந்து மை ஊற்றும் தாங்கி வைத்த பிரிண்டர்களை எப்சன் நிறுவனம் 2010 இல் முதன்முதலாக இந்தோனேசியாவில் விற்றது. இப்போது வேறு நிறுவனங்களும் செய்கின்றன. மெஷினின் விலை கூட. படமொன்றுக்கான மைச் செலவு நன்றாகக் குறைவு. ஆனால் பாவிக்காமல் கிடந்தால் மை காய்ந்து, மை பீய்ச்சும் தலை அடைபடும். அதைச் சுத்தம் செய்யவும் மை செலவாகும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நிறப்பக்கம் ஒன்று அச்சிடுங்கள். நிறுத்தும்போது சுவர் சுவிட்சை அணைக்காமல், பிரிண்டரின் பொத்தானை அழுத்துங்கள். அப்போதுதான் தலை மூடிக்குள் போய் நிற்கும்.

கனன் செல்பி போன்ற சிறிய பிரிண்டர்களில் மைக்குப் பதிலாக நிற ரிப்பன் இருக்கிறது. மூன்று நிறங்களும் கடைசியில் ஒரு பாதுகாப்புப் பூச்சுமாக, கடதாசி நான்கு முறை உள்ளே போய்வரும். மாதக்கணக்கில் கிடந்தாலும் காய்வதற்கு எதுவுமில்லை. ரிப்பனும் தபாலட்டை அளவுக் கடதாசியும் 108 படங்களுக்கு ஒரே பெட்டியில் கிடைக்கும். பெட்டியின் விலையை 108 ஆல் பிரித்தால் ஒரு படத்தின் செலவு தெரிந்துவிடும். பாவித்த ரிப்பனில் படங்களின் உருவம் பதிந்திருக்கும். அதை அப்படியே குப்பையில் போடாமல் வெட்டிப் போடுங்கள்.

இனி மெஷினின் கணக்கு. ஒரு பேச்சுக்கு 60,000 ரூபாய் என்று வைப்போம். இரண்டு வருடத்தில் 200 படம் எடுத்தால், மையும் கடதாசியும் சேராமலே படமொன்றுக்கு 300 ரூபாய். 3,000 படம் எடுத்தால் 20 ரூபாய். மெஷின் ஒன்றுதான், எத்தனை படம் எடுக்கிறோம் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. 2022 இல் ரூபாய் வீழ்ந்த பிறகு இறக்குமதிப் பொருட்களின் விலைகள் எவ்வளவு மாறின என்பதை நாம் அறிவோம். ஆகவே மையின் விலையையும் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் வருடத்துக்கு ஐம்பது படம்கூடத் தேறாது. எனவே தனியாக வாங்காமல், எங்கள் ஒழுங்கையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து சிறிய பிரிண்டர் ஒன்றை வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். ரிப்பன் பெட்டிக்கு, எடுத்த படங்களின் கணக்குப்படி காசு போடுவோம்.

இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் படங்களைப் பதிவுபெற்ற ஸ்டூடியோக்களே எடுக்கலாம். அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்யாணம், பிறந்தநாள், பாடசாலை விழா என்று மாதம் எத்தனை படம் கிடைக்கும் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். நுண்கடன் பத்திரத்தில் கையெழுத்து வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.