ஒரே ஒரு புள்ளி!

நைட் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறியதும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். சிப்காட் தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராக இருக்கும் அந்த இளைஞர் மட்டும் லேப்டாப்பைத் திறப்பார். கவரைப்பேட்டை தாண்டி பொன்னேரி வருவதற்குள் நாலு வரியாவது எழுதிவிட வேண்டும்.

எழுதுவது, கட்டற்ற மென்பொருள்களுக்கான ‘பில்டு ஸ்கிரிப்ட்’. சம்பளம் கிடையாது.

“காசும் வராது, தூக்கமும் கெடுது. அப்படி என்னடா வேலை?” என்று ஒருநாள் அம்மா கேட்டார்.

“பெரியப்பா கல்யாணச் சமையலுக்குப் போனா முதல்ல என்னம்மா பார்ப்பாரு?”

“தண்ணி வருதா, அடுப்பு எரியுதா, அண்டா இருக்கான்னு பார்ப்பாரு.”

“அதேதாம்மா இது!”

ஒரு மென்பொருளை நிரலிலிருந்து உருவாக்கும் முன், அந்தக் கம்ப்யூட்டரில் கம்பைலர் இருக்கிறதா, தேவையான லைப்ரரிகள் இருக்கின்றனவா, எந்தெந்த வசதிகளைச் சேர்க்கலாம் என்று இந்த ஸ்கிரிப்ட்தான் சோதிக்கும். 1991-ல் வந்த ‘ஆட்டோகான்ஃப்’ தொடங்கி சிமேக், மேசான் வரை பல கருவிகள் இதற்கு இருக்கின்றன. வேலை சரியாக நடக்கும்வரை யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

2024 மார்ச் 29-ல் உலகமே திரும்பிப் பார்த்தது. ‘எக்ஸ் இசட்’ என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் ரகசியப் பின்வாசல் இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். லாகின் செய்ய அரை விநாடி கூடுதலாக ஆனதே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அந்தப் பின்வாசல் உள்ளே நுழைந்தது பில்டு ஸ்கிரிப்ட் வழியாகத்தான். இன்னொரு ஸ்கிரிப்ட்டில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைத் தேவையில்லாத இடத்தில் வைத்திருந்தார்கள். அதனால் அந்தச் சோதனை எப்போதும் தோற்று, ஒரு பாதுகாப்பு வசதி சத்தமில்லாமல் அணைந்துபோகும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே பிடிபட்டது அதிர்ஷ்டம். அந்த மென்பொருளைப் பல வருடங்களாகக் கவனித்துவந்தவர், சம்பளம் வாங்காத ஒரே ஒருவர்.

மகன் இதைச் சொல்லி முடித்ததும் அம்மா சிரிக்கவில்லை.

“சிக்குக் கோலத்துல ஒரு புள்ளி தப்பினாலே இழை கூடாதுடா. போடுறப்ப தெரியாது, கடைசியிலதான் தெரியும்” என்றார்.

அன்று காலை ‘முடிந்தது’ என்று அனுப்ப வைத்திருந்த ஸ்கிரிப்ட்டை அவர் அனுப்பவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். அம்மா காபியை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.