"எனக்கும் வருமா, டீச்சர்?"

உயிரியல் ஆசிரியை, மேல்நிலைப் பிரிவு

ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் கேட்டபோது, வழக்கம்போல் ஏதாவதொரு செடியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். முன்பு ஒருமுறை கள்ளிச்செடியைப் பற்றி எழுதினேன். எத்தனை பேர் படித்தீர்களோ, ஆண்டவருக்கே வெளிச்சம். ஆனால் இம்முறை பழைய கடன் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தட்டிக் கழித்த கடன் அது. அவள் இப்போது இப்பள்ளியில் இல்லை. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று துப்புத் துலக்க வேண்டாம்.

அன்று மரபியல் பாடம். அகுஸ்தினார் சபைத் துறவியான கிரகோர் மெண்டல் தம் மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து, 1866ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்ட வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாமே நெட்டை. அடுத்த தலைமுறையில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. கரும்பலகையில் கட்டம் போட்டு நிரப்பினேன். மணி அடித்தது. எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் என் மேசையருகே நின்றாள்.

"டீச்சர், அம்மாவுக்கு மனசு சரியில்லாத நோய் இருந்தா பிள்ளைக்கும் வருமா? அதுவும் இந்தக் கட்டம் மாதிரிதானா?"

"அதெல்லாம் பாடத்தில் இல்லை. நீ போய்ப் பரீட்சைக்குப் படி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று மதியம் ஆசிரியர் அறையில் என் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். மறுபடியும் மூடி வைத்தேன். அவள் கேட்டது, நானே எட்டு வயது முதல் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

1983ஆம் ஆண்டு. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. அம்மாவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிடுவார்கள். அடுக்களையில் விளக்குப் போடாமல், அம்மிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அழுகை இல்லை, பேச்சு இல்லை. கேட்டால், "இந்த வீட்டுக்குப் பிடிச்ச பீடை நான்தாம்ட்டி" என்பார்கள். பள்ளிக்குப் போகும் எனக்குத் தலை வாரிவிடக்கூட அவர்களுக்குக் கை எழாது. அந்தியானால் கொஞ்சம் தெளிவு வரும். ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார்கள். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடியும் அதே இருட்டு. ஆசையாகச் சாப்பிடும் நெத்திலிக் குழம்பைக்கூடத் தொடவில்லை. ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துவிட்டன.

ஆச்சி கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்துகொண்டார்கள். கடைசியில் எங்கள் பங்குச் சாமியார்தான் அப்பாவைக் கூப்பிட்டு, "வேண்டுதல் ஒரு பக்கம் நடக்கட்டும், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று கண்டித்துச் சொன்னார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "எத்தனை மணிக்கு விழிப்புத் தட்டுகிறது? காலையில் கூடுதலா, மாலையில் கூடுதலா?" அப்பாவுக்குத் தெரியவில்லை. நான்தான், "மூணு மணிக்கு, காலையிலதான் ரொம்ப" என்றேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஒரு மாதத்துக்கு மேலாக மாத்திரை சாப்பிட்ட பிறகு, ஒருநாள் காலை அம்மா என்னைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டார்கள். இறுக்கிப் பின்னினார்கள். வலித்தது. நான் சொல்லவில்லை.

அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, வேறு மாதிரி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உறங்குவார்கள். நேரங்கெட்ட நேரத்தில் எழுந்து சோறு போட்டுச் சாப்பிடுவார்கள். யாராவது விருந்தாளி வந்து நல்ல சேதி சொன்னால் கலகலவென்று சிரிப்பார்கள். அவர் போனதும் மறுபடியும் படுக்கை. "கையும் காலும் ஈயத்தை ஊத்தினாப்பல கனக்குட்டி" என்பார்கள். ஊரார் வைத்த பெயர் சோம்பேறி. அவர்களை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. சிரிக்கிறவளுக்கு என்ன மனநோய்? 2001இல் சித்தி காலமாகிவிட்டார்கள். அம்மாவிடமும் தங்கையிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சித்தியிடம் கேட்க வழியில்லை.

இதெல்லாம் வீட்டோடு. வெளியில் யாராவது விசாரித்தால் அம்மாவுக்குச் சீனி வியாதி. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதைத்தான் சொன்னோம். 'அந்தக் குடும்பத்தில் அது ஓடுகிறது' என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது என்பது பெரியவர்களின் கவலை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் சேர்ந்துதான் சொன்னேன்.

சரி, மெண்டலிடம் திரும்புவோம். அவர் ஆராய்ந்த பண்புகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரணியால் தீர்மானிக்கப்படுபவை. மனச்சோர்வு அப்படியா? இதை அறிய அறிவியலார் முதலில் இரட்டையரைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரு கருவாகப் பிறந்த இரட்டையரோ மற்ற உடன்பிறப்புகளைப் போல் சராசரியாகப் பாதியளவே ஒத்திருப்பர். முதல் வகையினரில் ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் வருவது இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால், மரபின் பங்கை மதிப்பிடலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து சல்லிவன், நீல், கெண்ட்லர் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு 37 விழுக்காடு. நோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு வாய்ப்பு என்றும் அதில் கண்டார்கள்.

இந்த 37ஐத் தவறாகப் படித்துத்தான் நான் பல ஆண்டுகள் பயந்தேன். எனக்கு நோய் வர நூற்றுக்கு 37 வாய்ப்பு என்பதல்ல இதன் பொருள். ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு இந்நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதே அது. எஞ்சியது வாழ்க்கை. தனி ஒருத்தியின் தலையெழுத்தை இந்த எண் சொல்லாது.

பிறகு மரபணுவைத் தேடினார்கள். 2003ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் டுனெடின் நகரத்தாரைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் துன்பம் வரும்போது எளிதில் சோர்ந்துவிடுகிறார்கள் என்று அறிவித்தார்கள். உலகெங்கும் பரபரப்பு. நெட்டை, குட்டை என்று அதுவும் பட்டாணி போலவே இருந்ததால் எனக்கும் மிகவும் பிடித்துப்போய், வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். 2019ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கானோரின் விவரங்களை வைத்து, அதையும் சேர்த்துப் புகழ்பெற்ற 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த மரபணுக்களைவிட அவை ஒன்றும் விசேடமில்லை என்றாகிவிட்டது. அன்று என் வகுப்பில் குறிப்பெடுத்தவர்கள் தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.

தேடல் ஏன் இப்படித் தடுமாறியது? பல காரணங்கள் உண்டு. என் வீட்டைப் பார்த்தால் ஒன்று உடனே விளங்கும். அம்மாவுக்கு உறக்கமில்லை, சித்திக்கு உறக்கம் தீரவில்லை. அம்மா மெலிந்தார்கள், சித்தி பருத்தார்கள். இருவரையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டு மரபணுவைத் தேடுவது, சாம்பாரையும் ரசத்தையும் ஒரே பானையில் ஊற்றிவிட்டு எதில் உப்புக் கூடுதல் என்று கேட்பது போல. அம்மாவுக்கு இருந்ததை மருத்துவர்கள் மெலன்கோலியா வகை என்கிறார்கள். விடியுமுன் விழிப்பு, காலையில் கடுமை, பசியின்மை, காரணமில்லாத குற்ற உணர்வு, எந்த நல்ல செய்திக்கும் மலராத முகம் ஆகியவை அதன் அடையாளங்கள். சித்தியின் நோய்க்கு இயல்பு மாறிய வகை என்று பெயர். ஈயக் கனம் என்பதை மருத்துவ நூல்களே அதன் அறிகுறியாகக் குறிக்கின்றன என்று படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

சீனாவில் ஒரு குழுவினர் இந்தக் கலப்பைத் தவிர்க்க முயன்றார்கள். ஹான் இனத்துப் பெண்களை மட்டும், அதிலும் கடுமையான நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நோயுற்றோர் 5,303 பேர், நோயற்றோர் 5,337 பேர். 2015இல் வெளியான முடிவில் பத்தாம் குரோமோசோமில் இரண்டு இடங்கள் தென்பட்டன. அவற்றுள் சர்ட்-1 என்ற மரபணுவின் அருகிலுள்ள இடம், மெலன்கோலியா உள்ள பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆயினும் ஐரோப்பியரிடம் தேடியபோது அது அவ்வாறு கிடைக்கவில்லை. சித்தியின் வகையில், பசியும் எடையும் கூடுகிறவர்களிடம் உடற்பருமனுக்கு ஏதுவான மரபணு வேறுபாடுகளும் கூடுதலாக இருப்பதை 2017இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது; பசி குறைகிறவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. உற்சாகம் கரைபுரளும் காலமும் சோர்வுக் காலமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயில் மரபின் பங்கு இன்னும் மிக அதிகம், 60 விழுக்காட்டுக்கும் மேல்.

2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்த பெரிய ஆய்வில் 29 நாடுகளைச் சேர்ந்த 6,88,808 நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 697 வேறுபாடுகளைக் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அவற்றில் பல நம் எல்லோரிடமும் இருக்கும். 'அந்தக் குடும்பம்' என்று சுட்டிக்காட்டிய விரலுக்குரியவரிடமும் இருக்கும்.

என் தங்கைக்கு 2009இல் இரண்டாவது பிள்ளை பிறந்தது. மூன்று வாரத்தில் அவள் முகம் மாறிவிட்டது. பிள்ளை உறங்கினாலும் அவளுக்கு உறக்கமில்லை. பிள்ளையைக் கையில் வாங்கவே பயந்தாள். பிள்ளை பெற்ற சடவு, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லியே இரண்டு மாதத்தைப் போக்கிவிட்டோம். பிறகு டாக்டரிடம் போனபோது, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது முன்பு இப்படி இருந்ததுண்டா?" என்று கேட்டார். தங்கையின் மாமியாரும் அங்கே இருந்தார்கள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு இருந்தது, டாக்டர்" என்றார்கள் அம்மா.

எந்த வயதில், எத்தனை மாதம், எந்த மாத்திரை கேட்டது என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இருபத்தாறு ஆண்டு நாங்கள் ஒளித்து வைத்தது அவருக்கு மருத்துவக் குறிப்பாகத்தான் தேவைப்பட்டது. கருவுற்றிருக்கும்போதும் மகப்பேற்றை ஒட்டியும் வரும் மனச்சோர்வில் மரபின் பங்கு 54 விழுக்காடு, மற்ற காலத்தில் வருவதில் 32 என்று சுவீடனில் 2016இல் கணக்கிட்டார்கள். அதாவது, நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். மாமியார் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நீ போய் உறங்கு" என்றார்கள். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகும் வயது.

சுவீடனிலிருந்து இன்னொரு செய்தியும் உண்டு. நோயுள்ள பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்புகளில் ஒருவர் பெற்றோரிடமே வளர்ந்தார். மற்றவர் தத்துப் போய் வேறு வீட்டில் வளர்ந்தார். அத்தகைய வீடுகள் பெரும்பாலும் நன்கு ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. தத்துப் போனவர்களுக்கு மனச்சோர்வுக்காகச் சிகிச்சை தேவைப்பட்டது ஏறத்தாழக் கால் பங்கு குறைவு என்று 2020இல் கண்டார்கள். மரபணு பாதியளவு ஒன்று, வீடுதான் வேறு. புதிய வீட்டிலும் வளர்ப்புப் பெற்றோருக்கு மனச்சோர்வு வந்திருந்தாலோ, மரணமோ பிரிவோ நேர்ந்திருந்தாலோ அந்த நன்மை காணப்படவில்லை. பெற்றோர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதினேன்.

அந்த மாணவியை மூன்று நாள் கழித்து நூலகத்தில் பிடித்தேன். "உன் கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்" என்றேன். கட்டம் இல்லை, மூன்றுக்கு ஒன்று இல்லை; அம்மாவிடமிருந்து வருவது நோயல்ல, நோய்க்கு இடம் கொடுக்கும் ஒரு சாய்வு; அந்தச் சாய்வு இருந்தும் நோய் வராதவர் பலர், குடும்பத்தில் எவருக்கும் இல்லாமலே வந்தவரும் பலர்; வந்தால் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு; உறக்கமும் பசியும் இரண்டு வாரம் தொடர்ந்து தடம் மாறினால் டாக்டரிடம் போக வேண்டும், போனதும் அம்மாவைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். இன்றாக இருந்தால் அரசு 2022இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணையும் கொடுத்திருப்பேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "உங்களுக்கு வந்துச்சா, டீச்சர்?" என்றாள்.

"இதுவரை இல்லை" என்றேன். பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே நான் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார்கள். இடையில் இரண்டு முறை அந்த இருட்டு திரும்பி வந்தது, மருந்தில் போயிற்று. விடியுமுன் அடுக்களையில் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு உறக்கம் கலைந்துவிடும். எழுந்து போய்ப் பார்ப்பேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அடுப்பில் பால் இருக்கும். "ஏட்டி, உனக்கும் ஒரு டம்ளர் காப்பி போடட்டா?" என்பார்கள் திரும்பிப் பார்க்காமலே.